சங்கத்தின் பழைய டிராக்டரும் மழைக்குப் பின் மூன்று நாட்களும்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள மானாவாரிக் கிராமங்களில் ஆனி, ஆடி மாதங்களின் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் அங்கத்தினர்கள் கூடி நிற்பது வழக்கம். அன்று அவர்கள் கேட்பது டிராக்டர் ஒன்றையே. சங்கத்தில் இருப்பதோ பெரும்பாலும் ஒரே டிராக்டர்; அதுவும் பதினைந்து இருபது வருஷம் உழைத்துத் தேய்ந்த யந்திரம். நமது செம்மண் நிலத்தில் உழவுக்கேற்ற பதமோ மூன்று நாட்களுக்கு மேல் நிற்பது அரிது. அந்த மூன்று நாட்களில் அந்தப் பழைய யந்திரம் எவ்வளவு செய்யும், எதை முதலில் செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதை அங்கத்தினர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தால், பணமும் பட்டமும் வீணாகாமல் தப்பும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். டிராக்டர் வாடகைப் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் உள்ளே வந்தார். கணவனை இழந்தவர், எழுபது சென்ட் நிலம் உடையவர். மழைக்கு முன்பே உழவுக்கூலியைச் செலுத்தி ரசீதும் வைத்திருந்தார். ஆனால் மழை பெய்தவுடன் டிராக்டர் எட்டு ஏக்கர் உள்ள ஒருவருடைய நிலத்துக்குப் போயிற்று. அங்கிருந்து கிராமத்தின் மறுகோடியில் இன்னொருவருடைய நிலத்துக்குப் போயிற்று. அம்மாளின் நிலத்துக்கு வந்தது ஐந்தாம் நாள் மாலை. அதற்குள் மண் இறுகிவிட்டது. கொத்துக் கலப்பை மேலே கீறிச்சென்றதேயன்றி உள்ளே இறங்கவில்லை, பெயர்ந்ததெல்லாம் பெருங்கட்டிகள். அவற்றின் நடுவே போட்ட மணிலா விதையில் பாதிக்குமேல் முளைக்கவில்லை. "பணத்தை முதல்லியே கட்டினேன் ஐயா, மண்ணு எனக்காகக் காத்திருக்கலியே" என்றார். பேரேட்டில் தவறு ஏதும் இல்லை. வந்த தொகையும் எழுதிய மணியும் சரியாகவே இருந்தன. தவறு பேரேட்டுக்கு வெளியே இருந்தது. அதைப்பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பழையது என்பதற்காக ஒரு டிராக்டரை இகழ வேண்டியதில்லை. நமது நாட்டில் டிராக்டர் செய்யும் தொழில் 1959-ம் வருஷத்தில் பரீதாபாத்தில் ஐஷர் கம்பெனியாரால் தொடங்கப்பெற்றது. 1960-ல் சென்னையில் டாபே கம்பெனி, மாஸ்ஸி பெர்குஸன் கம்பெனியாரின் கூட்டுறவுடன் ஏற்பட்டது. அக்கம்பெனியின் 35 குதிரைசக்தி அளவுள்ள டிராக்டர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் எங்கும் காணப்படுவன. அவற்றின் அமைப்பு எளிது. பழுதை அறிந்த மெக்கானிக்குகள் திருவண்ணாமலைப் பட்டறைகளில் உண்டு. உதிரிச் சாமான்களும் கிடைக்கும். ஆகவே பழைய டிராக்டர் கெட்டுப்போவதற்கு வயது ஒன்றே காரணமன்று. தகாத வேலையைத் தகாத வேளையில் அதன் தலையில் சுமத்துவதே பெருங்காரணம்.

கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பழைய நாளில் டிராக்டரின் பின்னால் கலப்பையைச் சங்கிலியால் கட்டி இழுத்தனர். அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குஸன் என்பவர் கலப்பையை மூன்று இடங்களில் டிராக்டரோடு இணைத்து, இரண்டும் ஒரே யந்திரம்போல் இயங்கும்படி செய்தார். 1938-ம் வருஷத்தில் ஹென்றி போர்டுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு அவ்வமைப்பை அமெரிக்காவில் பெருவாரியாகப் பரப்பினார். இன்று நமது கிராமத்தில் ஓடும் டிராக்டர்களிலெல்லாம் இருப்பது இம்மூன்று முனை இணைப்பே. இதன் விசேஷம் யாதெனில், மண் கலப்பையை இழுக்கும் இழுப்பு டிராக்டரின் பின்சக்கரங்களின்மேல் பாரமாக இறங்குகிறது. அதனால் இலேசான டிராக்டரும் வழுக்காமல் இழுக்கிறது.

இந்த ஹைட்ராலிக்குக்கு இரண்டு விதமான கட்டுப்பாடு உண்டு. ஒன்று கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்துவது. மற்றொன்று மண்ணின் இறுக்கத்துக்குத் தக்கபடி கலப்பையைத் தானாகவே சிறிது தூக்கியும் இறக்கியும் இழுவையை ஒரே அளவாக வைப்பது. சட்டிக் கலப்பையாலும் கொத்துக் கலப்பையாலும் ஆழ உழும்போது இரண்டாவதை உபயோகிக்கவேண்டும். நமது டிரைவர்கள் அநேகர் எல்லா வேலைக்கும் முதல் கைப்பிடியையே பிடித்துக்கொண்டிருக்கின்றனர். இறுகிய திட்டு ஒன்று வந்தவுடன் எஞ்சின் திணறுகிறது. டிரைவர் கலப்பையை அடியோடு தூக்கிவிடுகிறார். அவ்விடம் உழப்படாமலே நின்றுவிடுகிறது. நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்தால் இது தெரியும்.

மண்ணின் பதம்

பதம் பார்ப்பதற்கு நமது பெரியவர்களுக்குக் காலே போதும். ஏரில் இறங்கி இரண்டடி நடந்தால் சொல்லிவிடுவர். டிராக்டர் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. ஆதலால் கையால் பார்க்கவேண்டும். நான்கு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கி உருண்டையாக்குங்கள். உருண்டை பிடிக்காமல் பொலபொலவென்று உதிர்ந்தால் மண் காய்ந்துவிட்டது. உருண்டை பிடித்து, அதை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட நாலைந்து துண்டாக உடைந்தால் அதுவே உழவுக்குரிய பதம். கீழே விழுந்தும் உடையாமல் சப்பையானால், அல்லது விரல்களுக்கிடையே பிசைந்தபோது பளபளப்பான நாடாவாக நீண்டால் இன்னும் ஒரு நாள் பொறுக்கவேண்டும்.

ஈரம் மிகுந்த நிலத்தில் டிராக்டரை விடுவது, காய்ந்த நிலத்தில் விடுவதைவிடத் தீமையானது. டிராக்டரின் எடை ஒன்றரை டன்னுக்கு மேற்பட்டது. ஈரமண்ணின் மேல் அந்தச் சக்கரம் ஏறினால் மண்ணின் துளைகள் அமுங்கி அடைபட்டுப்போம். வருஷந்தோறும் இவ்வாறு நடந்து, கொத்துக் கலப்பையும் எப்போதும் அதே நாலைந்து அங்குல ஆழத்திலேயே போய்க்கொண்டிருந்தால், அதன் கீழே ஒரு கெட்டித்தளம் உண்டாகிவிடுகிறது. மழைநீர் அதன்மேல் தேங்கி ஓடிவிடும். வேரோ அதைத் துளைத்துக்கொண்டு இறங்கமாட்டாது. உங்கள் நிலத்தில் அத்தகைய தளம் இருக்கிறதா என்று அறிய, அறுவடையான பின் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு சிறு குழி வெட்டிப் பாருங்கள். ஆணிவேர் கீழே இறங்காமல் ஓரிடத்தில் முழங்கையைப்போல் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால், அந்த இடந்தான் தளம்.

அதை உடைப்பதற்கு உளிக் கலப்பை வேண்டும். அரை மீட்டர் இடைவெளியில் சுமார் 40 செ. மீ., அதாவது ஏறக்குறைய 16 அங்குல ஆழத்தில், முதலில் ஒரு திசையிலும் பிறகு அதற்குக் குறுக்கேயும் ஓட்டவேண்டும். இதைக் கோடையில் மண் காய்ந்திருக்கும்போது செய்வதே சரி. காய்ந்த தளம் வெடித்துப் பிளக்கும், ஈரத்தளம் உளி போன தடத்தில் மாத்திரம் கீறும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். 35 குதிரைசக்தியுள்ள டிராக்டர் ஓர் உளியை இழுக்கும். ஆனால் மிகவும் தேய்ந்த டிராக்டருக்கு இது கடினமான வேலை. அப்படிப்பட்ட சங்கத்தார் இந்த ஒரு வேலைக்கு வேளாண்மைப் பொறியியல் இலாகாவின் டிராக்டரை வாடகைக்குப் பெறுவது நலம். 2018-ம் வருஷத்தில் தொடங்கப்பட்ட உழவன் செயலியின் மூலமும் இலாகா யந்திரங்களுக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

எந்தக் கலப்பை?

நமது பக்கத்தில் டிராக்டர் உழவு என்றால் ஒன்பது கொத்துக் கலப்பை, இல்லாவிட்டால் சுழல் கலப்பை. சட்டிக் கலப்பையைக் கேட்பவர் குறைவு. அது மெதுவாகப் போகிறது, வாடகை அதிகமாகிறது என்பர். ஒவ்வொன்றுக்கும் உரிய வேலை வேறு. சட்டிக் கலப்பை கரடும் வேர்க்கட்டையும் உள்ள காய்ந்த நிலத்திலும் உருண்டு ஏறிச் சென்று, கீழ்மண்ணைப் புரட்டி மேலே போடும். கொத்துக் கலப்பை மண்ணைப் புரட்டாது, கிளறிப் பொதுபொதுப்பாக்கும். சுழல் கலப்பை மண்ணை மாவாக்கும்.

சுழல் கலப்பையைப் பற்றி அங்கத்தினர்களுக்குள்ள மோகம் சிறிது தணியவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரே ஓட்டில் நிலம் பரம்படித்ததுபோல் ஆகிவிடுவதைக் கண்டு மனம் மகிழ்வது இயற்கை. சேற்று உழவுக்கும், கரும்புத் தோகையையும் தாளையும் மண்ணோடு கலப்பதற்கும் அது நல்ல கருவியே. ஆனால் மானாவாரிச் செம்மண்ணை மாவாக்கிவிட்டால் அடுத்த மழையில் அந்த மாவு கரைந்து, வெயில் பட்டவுடன் மேலே ஓடுபோல் இறுகிவிடும். முளைத்த மணிலா அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு வரவேண்டும். பூத்த பின் விழுதுகள் அதைத் துளைத்துக்கொண்டு இறங்கவேண்டும். பிடுங்கும்போது காய்கள் அதற்குள் அறுந்து நின்றுவிடாமல் வரவேண்டும். விரல் நுனியளவும் எலுமிச்சங்காயளவும் உள்ள சிறு கட்டிகள் கலந்து கிடக்கும் நிலமே இவற்றுக்கு ஏற்றது. அன்றியும் சுழல் கலப்பை எஞ்சினின் சக்தியை இடைவிடாமல் உறிஞ்சுவது. அகலமான சுழல் கலப்பையைப் பழைய 35 குதிரைசக்தி டிராக்டரில் பூட்டி நாள் முழுவதும் ஓட்டினால், கிளச்சும் எஞ்சினும் தேய்ந்து அந்த வாடகை முழுவதையும் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுக்கும்படி நேரிடும்.

கோடை உழவைப்பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதத்தில் பெய்யும் ஓரிரு மழைகளைக் கொண்டு சட்டிக் கலப்பையால் சரிவுக்குக் குறுக்கே ஒரு சால் உழுது போட்டால், ஆடி மழை ஓடிவிடாமல் நிலத்தில் இறங்கும். மற்றொரு பெரிய லாபமும் உண்டு. மணிலாப் பயிரை ஒரே வாரத்தில் மொட்டையாக்கும் சிவப்புக் கம்பளிப்புழு நமது ஜில்லாவின் மானாவாரி நிலங்களுக்குப் பழைய சத்துரு. அது பயிரை அழித்தபின் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாக உறங்கும். அடுத்த பட்டத்து மழையில் அந்துப்பூச்சியாக வெளிவரும். வரப்போரங்களிலும் மரநிழல்களிலும் அவை மிகுதி. கோடையில் ஆழ உழுதால் இக்கூடுகள் மேலே வந்து வெயிலில் காயும். காக்கையும் நாரையும் டிராக்டரின் பின்னாலேயே வந்து மிச்சத்தைப் பொறுக்கிக்கொள்ளும். ஆகவே டிரைவர் நிலத்தின் நடுவை உழுதுவிட்டு ஓரங்களை விட்டுப்போக இடங்கொடாதீர்கள். சக்கரம் எட்டாத மூலைகளை மண்வெட்டியால் கொத்திவிடவேண்டும். முன்பெல்லாம் ஏர்மாடு இருந்தது, மூலையையும் சேர்த்து உழுதது. மாடு போனபின் மூலைகள் அனாதைகளாய் விட்டன.

கோடை உழவால் சங்கத்துக்குள்ள அனுகூலம் இன்னும் பெரிது. சித்திரையில் சும்மா கிடக்கும் டிராக்டருக்கு வேலை கிடைக்கிறது. ஆடியில் அதே நிலத்துக்கு இரண்டு சாலுக்குப் பதில் ஒரு சால் போதுமாகிறது. இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மூன்று நாளில் எத்தனை ஏக்கர்?

ஒன்பது கொத்துக் கலப்பையின் அகலம் சுமார் 2 மீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணியில் 8,000 சதுர மீட்டர். திரும்புவதற்கும் நிற்பதற்கும் கால்பங்கு நேரம் போகும். மீதி 6,000 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர், ஒரு சாலுக்கு. இரண்டு சாலானால் முக்கால் ஏக்கர். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக மூன்று நாளைக்கு 24 மணி. அதில் இரண்டு சாலாக 18 ஏக்கர்தான் முடியும். காணிக் கணக்கில் சொன்னால் பதினான்கு காணிகூட முழுதாக இராது. கோடை உழவு செய்த நிலங்களானால் ஒரே சாலாக 36 ஏக்கர் முடியும். இரட்டைச் சட்டிக் கலப்பையோ இதைவிட வெகு மெதுவானது; அதன் அகலம் சுமார் அரை மீட்டர்தான், ஏக்கருக்கு இரண்டரை மணிக்குக் குறையாது. பதம் நிற்கும் மூன்று நாளில் அதைக் கேட்பது தகாது; அதன் காலம் கோடையே.

நான் மேலே சொன்ன சங்கத்தில் அவ்வருஷம் மழைக்கு முன் பணம் கட்டியவர்களின் நிலம் மொத்தம் அறுபது ஏக்கருக்கு மேல். ஒரே டிராக்டர் அதை மூன்று நாளில் முடிக்காது என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. பணத்தை வாங்கும்போதே பார்த்திருக்கவேண்டும்.

நிலத்தின் வடிவமும் கணக்கில் சேரும். 20 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் உள்ள ஓர் ஐம்பது சென்ட் துண்டை எடுத்துக்கொள்வோம். நீளவாட்டில் உழுதால் பத்து ஓட்டு, பத்துத் திருப்பம். அகலவாட்டில் உழுதால் ஐம்பது ஓட்டு, ஐம்பது திருப்பம். உழும் தூரம் இரண்டிலும் ஒரு கிலோமீட்டரே, பதினைந்து நிமிஷமே. ஆனால் ஒரு திருப்பத்துக்கு இருபது விநாடி என்று வைத்தால், முன்னதில் 3 நிமிஷம் 20 விநாடியும் பின்னதில் 16 நிமிஷம் 40 விநாடியும் திருப்பத்திலேயே போகின்றன. நீளவாட்டில் 18 நிமிஷத்தில் முடியும் வேலை அகலவாட்டில் 32 நிமிஷமாகிறது. மணிக்கணக்கில் வாடகை செலுத்தும் ஏழைக் குடியானவருக்கு இது ஏறக்குறைய இருமடங்கு செலவு. சரிவுக்குக் குறுக்கே உழவேண்டும் என்ற விதியை விடாமல், இடம் கொடுக்குமானால் நீளவாட்டிலேயே உழச் சொல்லுங்கள். பக்கத்துத் துண்டுக்காரரும் நீங்களும் ஒத்துக்கொண்டு ஒரே மூச்சில் இரண்டையும் உழுவிப்பது இன்னும் நல்லது. பத்துப்பேர் சேர்ந்து ஒரு கடனைச் சுமக்கத் தெரிந்த நமக்கு, இரண்டு பேர் சேர்ந்து ஒரு சாலை ஓட்டத் தெரியாமலிராது.

சக்கரம் வழுக்குகிறதா?

பழைய டிராக்டரின் வாடகை எங்கே வீணாகிறது என்பதை அறிய ஓர் எளிய பரீட்சை உண்டு. பின்சக்கரத்தின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே நிலத்தில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை அளவுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே பத்துச் சுற்றுக்கு அளவுங்கள். முன்னது 38 மீட்டரும் பின்னது 33 மீட்டரும் ஆனால் வித்தியாசம் 5 மீட்டர், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று. இவ்வளவு வழுக்கல் இருப்பது இயல்பே. நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டினால் டீசலும் டயரும் வீணாகின்றன என்று பொருள். டயர் மொட்டையாகியிருக்கலாம், அல்லது பின்பாரம் போதாதிருக்கலாம். பின்டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவதும் சக்கரத்தில் இரும்புத் தட்டு மாட்டுவதும் இதற்குப் பரிகாரம். ஏரிப்பாசன நிலத்தில் சம்பா, நவரைச் சேற்று உழவுக்கு இது உதவாது; அங்கே கேஜ் வீல் பூட்டவேண்டும். அதைப் பூட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓட்டும் வழக்கத்தை அடியோடு நிறுத்தவேண்டும். ரோடும் கெடும், வண்டியின் அச்சும் கெடும்.

புகையைப் பார்த்தும் நோயை அறியலாம். கறுப்புப் புகை ஓயாமல் வந்தால் பாரம் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது, அல்லது டீசல் தெளிக்கும் மூக்குப் பழுது. நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதன் குறி. அத்தகைய வண்டியில் தினந்தோறும் காலையில் ஆயில் மட்டம் பாராமல் எஞ்சினைத் தட்டக்கூடாது. சூடேறிய பின்னும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே புகுகிறது. பழைய டிராக்டர்களில் காற்று வடிகட்டி பெரும்பாலும் ஆயில் தொட்டி வகையைச் சேர்ந்தது. நமது செம்மண் புழுதியில் அந்த ஆயில் சில நாளிலேயே சேறாகிவிடும். புழுதி உழவு நாட்களில் தினந்தோறும் திறந்து பார்க்கவேண்டும். ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யாததால் எஞ்சின் முழுவதும் பிரித்துக் கட்டும்படி ஆன வண்டிகளை நான் கண்டிருக்கிறேன்.

உதிரிச் சாமான் விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. நவரை உழவுக்கு முன் வண்டியைச் சீர்திருத்த நினைப்பவர்கள் கார்த்திகைத் தீபத்துக்கு முன்பே சாமான்களை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். தீப நாட்களில் லட்சக்கணக்கான ஜனங்கள் திருவண்ணாமலையில் கூடுகின்றனர். வண்டிகள் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்படுகின்றன. அண்ணாமலையாரைத் தரிசிக்கப் போகலாம். டிராக்டரைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போக அது நாளன்று.

மணியும் வாடகையும்

டிராக்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில செலவுகள் நிற்பதில்லை: இன்ஷூரன்ஸ், தேய்மானம், டிரைவரின் நிலையான சம்பளம். இவை வருஷத்துக்கு 90,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வண்டி 300 மணி ஓடினால் ஒவ்வொரு மணியின் தலையிலும் 300 ரூபாய் ஏறுகிறது. 600 மணி ஓடினால் 150 ரூபாய். இதன்மேல் டீசல் வேறு. உழவில் இத்தகைய டிராக்டர் மணிக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் குடிக்கும். பழைய வண்டிக்குத் தேய்மானம் குறைவு, ரிப்பேர் அதிகம். ஆகவே மணிக்கு ஐம்பது ரூபாயாவது ரிப்பேர் நிதி என்று தனியே ஒதுக்கிவைத்தால் 400 மணியில் 20,000 ரூபாய் சேரும். அது இருந்தால் கிளச் தட்டு போன அன்றே மாற்றலாம். இல்லாவிட்டால் நிர்வாக சபை கூடித் தீர்மானம் போடுவதற்குள் மழைப்பதம் போய்விடும்.

மணியை எதைக் கொண்டு அளப்பது என்பதில் சண்டைகள் மிகுதி. இதன் காரணம் அநேகருக்குத் தெரியாது. பழைய டிராக்டர்களின் மணி மீட்டர் எஞ்சின் சுற்றைக் கொண்டு இயங்குவது; குறிப்பிட்ட ஒரு வேகத்தில் எஞ்சின் சுற்றும்போது மட்டுமே அதன் ஒரு மணி கடிகாரத்தின் ஒரு மணிக்குச் சமம். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் மீட்டரும் மெதுவாகவே ஓடும். ஆகவே டிரைவர் மீட்டரையும் நிலத்துக்காரர் கைக்கடிகாரத்தையும் காட்டி வாதாடினால் இருவர் சொல்வதும் மெய்யாகவே இருக்கலாம். எதை ஏற்பது என்பதைப் பொதுச்சபை ஒருமுறை தீர்மானித்து, அதைக் காரியாலயச் சுவரில் எழுதிவிடவேண்டும். நிலத்தில் கலப்பை இறங்கிய நேரம், தூக்கிய நேரம், சால் எண்ணிக்கை, போட்ட டீசல் ஆகியவற்றை டிரைவர் புஸ்தகத்தில் அங்கேயே எழுதி நிலத்துக்காரரின் கையெழுத்தையோ கைநாட்டையோ பெறவேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதும் கணக்கை நான் பார்த்தவுடனேயே கண்டுகொள்வேன். அதில் எல்லா உழவும் முழு மணியில் முடிந்திருக்கும்.

உயிர்ச்சேதம்பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. நமது ஜில்லாவில் கைப்பிடிச் சுவரில்லாத பெருங்கிணறுகள் நிலத்துக்கு நிலம் உண்டு. ஓரம்வரை உழவேண்டும் என்று நான் மேலே சொன்னது கிணற்றோரத்துக்குப் பொருந்தாது. மழையில் ஊறிய கிணற்றுக்கரை டிராக்டரின் பாரத்தைத் தாங்காது. கரையிலிருந்து நல்ல இடைவெளி விட்டுக் கொம்பு நட்டு அடையாளம் வைத்த பின்னரே வண்டியை இறக்கவேண்டும். பின்னோக்கி ஓட்டித் திருப்புவது அங்கே கூடவே கூடாது. மட்கார்டின்மேல் குழந்தைகளை உட்காரவைப்பதும், சுழல் கலப்பையை ஓட்டும் தண்டின் அருகே ஆடிக்காற்றில் பறக்கும் துண்டும் வேஷ்டியுமாக நிற்பதும் யமனை விருந்துக்கு அழைப்பதாகும். அந்தத் தண்டின்மேல் மூடி இல்லாத வண்டிக்கு மூடி போடும்வரை வாடகைக்கு விடலாகாது என்று நிர்வாக சபையார் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

இனி, அந்த அம்மாளின் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆளின் பெயரால் வரிசை வைப்பதை விட்டு, நிலத்தின் பகுதியால் வைப்பது என்று ஒரு யோசனை வந்தது. ஏரிக்கரைப் பகுதி, மேட்டுப் பகுதி, ஓடைக்கு அப்பால் உள்ள பகுதி என்று கிராமத்தை மூன்றாகப் பிரித்து, எது முதலில் காயுமோ அதற்கு முதல் நாள். டிராக்டர் ஒரு பகுதிக்குள் இறங்கினால் வழியிலுள்ள துண்டுகளைச் சிறிதென்றும் பெரிதென்றும் பாராமல் வரிசையாக முடித்துக்கொண்டே வரவேண்டும். ஒருவருக்கு ஒரு சுற்றில் இரண்டு ஏக்கருக்கு மேல் இல்லை, மீதி உள்ளவர் அடுத்த சுற்றுக்கு நிற்கவேண்டும். கோடை உழவு செய்தவருக்கு அப்பகுதியில் முன்னுரிமை. எட்டு ஏக்கர்க்காரர் எழுந்து, "வாடகையில பெரும்பங்கு நான் குடுக்கறேன், எனக்கு என்ன மரியாதை?" என்று கேட்டார். வயது முதிர்ந்த ஓர் அங்கத்தினர், "தம்பி, உன் நிலம் பள்ளத்துல இருக்குது, அது மூணாம் நாள்தான் பதத்துக்கு வரும், போன வருஷம் முதல் நாளே ஈரத்துல ஓட்டினியே, விளைஞ்சுதா?" என்றார். அவர் பதில் சொல்லாமல் உட்கார்ந்தார். தீர்மானம் நிறைவேறிற்று.

அவ்வருஷத்து ஆடி மழைக்குப் பின் டிராக்டர் மேட்டுப் பகுதியில் இறங்கிற்று. அந்த எழுபது சென்ட் நிலம் அதன் வழியிலேயே இருந்தது. முதல் நாள் பிற்பகல் அது முடிந்தது. டிரைவர் புஸ்தகத்தில் அந்த வரியைப் பிறகு பார்த்தேன்: ஒரு சால், இருபத்தெட்டு நிமிஷம், கைநாட்டு.